ஸ்காட்லாந்துக் கூடைப்பிடி வாளின் பிரதியைச் செய்து வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய ஸ்காட்லாந்து வாள் ஒன்றின் பிரதியைத் தமக்கென்று செய்து வாங்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கொல்லரைத் தேடுகிறார்கள். பிறகு ஒரு படத்தை அனுப்பி விலை கேட்கிறார்கள். வாள் வீட்டுக்கு வந்த பிறகுதான் எடை, சமநிலை, கூடைக்குள் கை நுழைகிறதா என்பவற்றை எண்ணிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே ஏமாற்றங்களில் பெரும்பகுதி விலகிவிடும். கொல்லருக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே, எந்த வாள், என்ன அளவு, யாருடைய கை என்ற மூன்றுக்கும் விடை தாளில் இருக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த கூடைப்பிடி வாள். அதாவது, கையை மூடும் இரும்புக் கூடையும், இருபுறமும் கூருள்ள நேரான அலகும் கொண்ட பிராட்ஸ்வோர்ட். இரு கைகளாலும் பிடிக்கும் பெரிய வாளுக்கும் படிகள் இவையே. அளவுகளும் கையைக் காக்கும் காப்பின் அமைப்பும் மட்டும் மாறும். கிளேமோர் என்ற பெயர் இரண்டு வகைக்கும் வழங்குவதால், கடிதத்தில் அந்தப் பெயரோடு நிறுத்தாமல் "ஒருகை, கூடைப்பிடி" என்றோ "இருகை, குறுக்குக் காப்பு" என்றோ எழுதிவிடுங்கள்.

1. எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சுவரில் மாட்டவா, பாய்ச் சுருளை வெட்டிப் பழகவா, எதிரில் ஒருவரை நிறுத்தி வாட்பயிற்சி செய்யவா? இந்த மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே மூன்று வெவ்வேறு வாள்கள்.

ஜோடிப் பயிற்சிக்கான வாளின் விளிம்பு ஏறக்குறைய 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை தடித்து, உருண்டு, முனையும் மழுங்கியிருக்க வேண்டும். குத்தும்போது வளைந்து கொடுக்கவும் வேண்டும். விளிம்பில் அவ்வளவு இரும்பு நிற்பதால், எடை கூடாமலிருக்க அலகின் நடுப்பகுதியைக் கொல்லர் வேறு விதமாக மெலிதாக்குவார். ஆகவே "இப்போது மழுங்கலாக இருக்கட்டும், பின்னால் தீட்டிக்கொள்ளலாம்" என்ற எண்ணம் சரிவராது. அப்படித் தீட்டும்போது கிளம்பும் சூட்டில் விளிம்பின் பதம் கெடும். கிடைப்பதும் நல்ல வெட்டும் வாளாக இருக்காது.

2. ஒரே ஒரு மூல வாளைத் தேர்ந்தெடுங்கள்

"18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து வாள்" என்பது கொல்லருக்குப் போதாது. இன்ன அருங்காட்சியகத்தில், இன்ன பதிவெண் கொண்ட வாள் என்று ஒன்றைச் சுட்டுங்கள். பிறகு எழும் ஒவ்வொரு கேள்விக்கும், கூடையின் கம்பி எவ்வளவு தடிமன், பிடியின் நுனியில் உள்ள குமிழ் என்ன வடிவம் என்பதற்கெல்லாம், அந்த ஒரு பொருளே விடை சொல்லும்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பிடித்த படங்களிலிருந்து உறுப்புகளைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள்: ஸ்டெர்லிங் கொல்லர்கள் விரும்பிச் செய்த வளைந்த எஸ் வடிவக் கம்பிகள், கிளாஸ்கோ பாணியின் கூம்புக் குமிழ், குதிரைப்படை வாள்களின் கூடைப் பக்கத்தில் காணப்படும் நீள்வட்ட வளையம், இவற்றோடு ஒரு சிவப்புத் துணி உள்ளுறையும் குஞ்சமும். ஒவ்வொன்றும் உண்மையானதே, ஆனால் நான்கும் சேர்ந்த வாள் எந்த வீரன் இடையிலும் தொங்கியதில்லை.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. 1746-இல் கலோடன் போரில் பயன்பட்டதுபோன்ற வாள் வேண்டும் என்பவர் அனுப்பும் படம், பெரும்பாலும் 1828-ஆம் ஆண்டு முறைமைப்படி ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு அதிகாரிகளுக்கு வகுக்கப்பட்ட வாளின் படமாக இருக்கும். அதன் அலகு 32½ அங்குலம், ஒல்லியானது. கூடை ஒரே அச்சில் வார்த்ததுபோல் சீரானது. நூறாண்டு முந்தைய வாளின் கூடையோ கையால் அடித்து அரத்தால் செதுக்கியது, இடமும் வலமும்கூடச் சற்று வேறுபடும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

மூல வாளின் எந்த நிலையைப் பிரதி எடுப்பது என்பதும் இப்போதே தீர வேண்டும். ஸ்டெர்லிங்கில் வாலஸ் நினைவுக் கோபுரத்தில் உள்ள, வில்லியம் வாலஸ் என்ற ஸ்காட்லாந்து வீரருடையது என்று சொல்லப்படும், 163 சென்டிமீட்டர் நீளமுள்ள புகழ்பெற்ற வாள் இதற்கு நல்ல எச்சரிக்கை: அதன் அலகும் பிடியும் காலப்போக்கில் மாற்றப்பட்டவை என்பதால், இன்று காண்பதைச் செய்யச் சொல்வது ஒரு வேலை, ஆதியில் இருந்திருக்கக்கூடியதைச் செய்யச் சொல்வது முற்றிலும் வேறு வேலை. சாதாரண வாளிலும் இதே கேள்வி உண்டு. தேய்ந்த விளிம்பும் கறுத்த இரும்புமாக வேண்டுமா, பட்டறையிலிருந்து வெளிவந்த அன்று இருந்ததுபோல் வேண்டுமா? என் கருத்தில் இரண்டாவதே நல்லது. முதுமையைக் கைக்கு வந்தபின் வாள் தானே தேடிக்கொள்ளும்.

3. அளவுகளைச் சேகரியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். இதைத் தாண்டிக் குதித்தவர்களே அதிகம் வருந்துகிறார்கள். காரணம் எளிது: ஒரு வாள் கையில் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு செய்திகள், அலகின் தடிமனும் சமநிலைப் புள்ளியும் (விரல்மேல் வைத்தால் வாள் எப்பக்கமும் சாயாமல் நிற்கும் இடம்), எந்தப் படத்திலும் தெரிவதில்லை.

எடின்பரோவின் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம், கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ், லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் ஆகியவற்றில் இவ்வகை வாள்கள் உள்ளன. ராயல் ஆர்மரீஸின் இணையப் பட்டியலில் பல வாள்களுக்கு மொத்த நீளம், அலகின் நீளம், எடை ஆகியவை கிடைக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பதிப்புரிமைக் காலம் கடந்த பொருள்களின் தெளிவான படங்களை 2017 முதல் தடையின்றிப் பயன்படுத்த விட்டிருக்கிறது. கூடையின் நுணுக்கங்களைப் பெரிதாக்கிப் பார்க்க அவை உதவும்.

பட்டியலில் இல்லாததைக் கேட்டு எழுதுங்கள். பதிவெண்ணைக் குறிப்பிட்டு, தேவையான அளவுகளை வரிசையாகக் கேட்கும் சிறிய கடிதத்துக்கு விடை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். "இந்த வாளைப் பற்றி எல்லாம் சொல்லுங்கள்" என்பதற்குக் குறைவு. கேட்க வேண்டியவை இவை:

- மொத்த நீளம், அலகின் நீளம், எடை
- அலகின் அகலம்: அடியில், நடுவில், முனைக்கு 5 சென்டிமீட்டர் முன்னால்
- அலகின் தடிமன்: அடியிலிருந்து ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும்
- அலகின் மேல் ஓடும் பள்ளங்களின் எண்ணிக்கை, அகலம், முடியும் இடம்
- கூடையின் உள்ளகலம், உயரம், கம்பிகளின் தடிமன்
- பிடியின் நீளமும் சுற்றளவும்
- கூடையின் அடியிலிருந்து சமநிலைப் புள்ளி எவ்வளவு தொலைவு

முன்கூட்டி நேரம் கேட்டு வாளை நேரில் பார்க்க அனுமதி கிடைத்தால் தடிமனை நுட்பமாக அளக்கும் பிளாஸ்டிக் வெர்னியர் காலிபரை எடுத்துச் செல்லுங்கள். உலோகக் காலிபரைப் பழம்பொருளின் அருகே கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள், கீறிவிடும் என்ற அவர்களின் அச்சமும் நியாயமானதே. படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோலை வைத்து, தள்ளி நின்று, பெரிதாக்கி எடுங்கள். அருகில் நின்று எடுத்த படத்தில் கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கூடை பெருத்தும் முனை சிறுத்தும் விழும். அந்தப் படத்தை நம்பிச் செய்த கூடையும் பெருத்தே வரும்.

கிடைத்த எண்கள் நம்பத்தக்கவையா என்று பார்க்க ஒரு பொது அளவு: 18-ஆம் நூற்றாண்டு ஒருகைக் கூடைப்பிடி வாள்களின் அலகு பெரும்பாலும் 80 முதல் 90 சென்டிமீட்டர் வரை, எடை ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை. அலகு அடியில் 5 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனில் தொடங்கி, முனைக்கருகே அதில் பாதிக்கும் கீழே இறங்கும். மலிவான பிரதிகள் கையில் கடப்பாரைபோல் கனப்பதற்குக் காரணம் அவை ஒரே தடிமனுள்ள பட்டையிலிருந்து வெட்டப்பட்டு, அந்தத் தடிமன் முனைவரை அப்படியே போவதுதான். மொத்த எடை மூலத்துக்கு இணையாக இருந்தால்கூட அந்த எடை தவறான இடத்தில் இருக்கும்.

4. உங்கள் கையை அளந்து கொடுங்கள்

கூடைப்பிடி வாள் ஆடைபோல் ஒருவர் உடம்புக்குப் பொருந்த வேண்டிய பொருள். மூலக் கூடைகள் பல, வெறுங்கையை ஒட்டிச் செய்யப்பட்டவை. தடித்த பயிற்சிக் கையுறை அவற்றுக்குள் நுழையாது.

உள்ளங்கையின் அகலம், விரல்களை மடக்கிய கைமுட்டியின் அகலம், கட்டைவிரலின் நீளம் ஆகியவற்றை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு கழியின் மேல் துணியைச் சுற்றி, மூலப் பிடியின் சுற்றளவுக்குக் கொண்டுவந்து, அட்டைப் பட்டைகளால் அளவின்படி கூடையைக் கட்டி, கையை உள்ளே விட்டு மணிக்கட்டை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் இடிப்பது கட்டைவிரலின் மூட்டு. அடுத்தது, வாளைத் தாழ்த்தி நீட்டும்போது குமிழின் அருகே உள்ள கம்பி மணிக்கட்டில். கூடைக்குள் தோல் உள்ளுறை வரப்போகிறது என்றால், அதன் தடிமனுக்கும் அட்டைக்குள் ஒரு கம்பளித் துண்டை வைத்தே சோதியுங்கள்.

கை பொருந்தவில்லையென்றால் கூடையை எவ்வளவு பெரிதாக்குவது என்பதை இப்போதே எண்ணில் எழுதுங்கள். ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் தோற்றத்தில் அதிகம் தெரியாது. மூன்று கூட்டினால் வேறு வாளாகிவிடும். நீங்கள் இடக்கையர் என்றால் அதையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

5. சட்டத்தையும் வந்து சேரும் வழியையும் பாருங்கள்

முன்பணம் கொடுத்த பிறகு இதைப் பார்ப்பதில் பயனில்லை. பிரிட்டனில் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த அலகுள்ள வாள்களுக்கு 2008 முதல் தடையும் அதற்கான விலக்குகளும் உண்டு. நேரான பிராட்ஸ்வோர்ட் அதில் அடங்காது. ஆயினும் 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கூடாது. ஸ்காட்லாந்தில் வாள் விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமமும் தேவை. கொல்லரிடம் அதைக் கேட்பதில் தவறில்லை.

இந்தியாவுக்கு வரவழைக்க எண்ணுபவர்கள் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளையும் பார்க்க வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய அலகு அவற்றின் வரம்புக்குள் வருகிறது. ஆயுத இறக்குமதிக்கு உரிமம் என்பது தனி ஏற்பாடு. சுங்கத்துறையில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் விடை பெற்ற பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

பிடியின் மேல் போர்த்தும் திருக்கைத் தோலிலும் கவனம் வேண்டும். சில திருக்கை, சுறா இனங்கள் அழியும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், எந்த இனத்தின் தோல் என்ற சான்று இல்லாவிட்டால் எல்லையில் பொதி நின்றுவிடலாம்.

6. கொல்லரைத் தேர்ந்தெடுங்கள்

கூடை செய்யத் தெரிந்தவரும் அலகு அடிக்கத் தெரிந்தவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. மூல வாள்களிலேயே அலகு பெரும்பாலும் ஜெர்மனியின் சோலிங்கன் போன்ற இடங்களிலிருந்து வந்தது. கிளாஸ்கோவிலும் ஸ்டெர்லிங்கிலும் கூடை பூட்டப்பட்டது. ஆகவே இரண்டு பட்டறைகள் சேர்ந்து செய்வது குறையன்று. இருவரில் பொறுப்பேற்பவர் யார் என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

கொல்லரிடம் அவர் முன்பு செய்த கூடைப்பிடி வாள் ஒன்றின் எடை, சமநிலைப் புள்ளி, முனையருகே தடிமன் ஆகியவற்றைக் கேளுங்கள். எண்களோடு விடை சொல்கிறவர் அளந்து வேலை செய்கிறவர். "எங்கள் வாள்கள் மிக உறுதியானவை" என்று மட்டும் சொல்கிறவரிடம் நான் மேற்கொண்டு பேசமாட்டேன்.

7. குறிப்புத் தாளை எழுதுங்கள்

இதுவரை சேர்த்தவற்றை இரண்டு பக்கத்துக்குள் அடக்குங்கள். ஒவ்வோர் அளவுக்கும் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: எடையில் ஐந்து விழுக்காடு, சமநிலைப் புள்ளியில் ஒரு சென்டிமீட்டர் என்பதுபோல. கைவேலையில் விலகல் இயல்பு. அந்த எல்லை முன்பே எழுதப்பட்டிருந்தால் பின்னால் சண்டை வராது.

எது மாறவே கூடாது, எதில் கொல்லரின் விருப்பத்துக்கு இடம் உண்டு என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். எல்லாமே முக்கியம் என்று எழுதப்பட்ட தாளில் எதுவும் முக்கியமாகத் தெரிவதில்லை.

8. கூடையின் செய்முறையைப் பேசுங்கள்

செலவில் பெரும்பங்கு கூடைக்கே போகும். குறுக்குவழிகளும் இங்கேதான் நுழையும். அடித்து வளைத்த கம்பிகளையும் தகடுகளையும் இணைத்துச் செய்யும் கூடைக்கும், ஒரே துண்டாக வார்த்த கூடைக்கும் உள்ள வேறுபாட்டைத் தகடுகளில் உள்ள இதய வடிவத் துளைகளில் காணலாம். அரத்தால் அறுத்த துளையின் விளிம்பு கூர்மையாக இருக்கும், இரண்டு இதயங்கள் ஒன்றுபோல் இரா. வார்த்த துளையின் விளிம்பு மழுங்கி, சோப்புக் கரைந்ததுபோல் தோன்றும். வார்த்ததே போதும் என்று நீங்கள் முடிவு செய்யலாம், விலை குறையும். ஆனால் எதற்கு விலை கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய கொல்லர்கள் வெல்டிங் செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். வெல்டிங் செய்த இடத்தில் எழும் மேடு கூடையின் உட்புறத்திலும் அரத்தால் சமன் செய்யப்பட வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். வெளியே மெருகிட்டு உள்ளே அப்படியே விடுவது வழக்கமான சோம்பல், கைமுட்டியில் உரசுவது அதுதான்.

கூடையின் மேல்முனைகள் குமிழோடு எப்படிச் சேர்கின்றன என்றும் கேளுங்கள். குமிழில் வெட்டிய பள்ளத்துக்குள் அந்த முனைகள் செருகி நின்றால்தான் அடி விழும்போது கூடை ஆடாது.

கொல்லர் முத்திரையைப் பற்றி ஒரு சொல். கிளாஸ்கோவின் ஜான் சிம்ப்சன், ஸ்டெர்லிங்கின் வால்டர் ஆலன் போன்றோர் தம் பெயரெழுத்துகளைக் கூடையில் பொறித்தார்கள். அதைப் பிரதியில் பொறிக்கச் சொல்லாதீர்கள். உங்களுக்குப் பிறகு அந்த வாள் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. மூலமென்று அதை விற்க ஒருவர் போதும். இன்றைய கொல்லரின் முத்திரையே இருக்கட்டும்.

9. அலகு, வால், எழுத்து

5160, 6150 போன்ற ஸ்பிரிங் எஃகு வகைகள் இவ்வேலைக்கு நன்கு பழகியவை. ராக்வெல் அளவில் 50-ஐ ஒட்டிய கடினம் போதும். அதற்கு மிக மேலே போனால் விளிம்பு சில்லாக உடைந்து உதிரும், மிகக் கீழே இறங்கினால் வளைந்த அலகு திரும்பாது. காட்சிக்கு மட்டுமான வாள் அல்லாவிட்டால் துருப்பிடிக்காத எஃகை ஏற்காதீர்கள். இவ்வளவு நீளத்தில் அது ஒடியக்கூடியது.

பிடிக்குள் மறையும் வாலைத் தவறாமல் கேளுங்கள். அது அலகோடு ஒரே துண்டாக, தோள்களில் கூர்மூலை இல்லாமல் வளைந்து இறங்க வேண்டும்; கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். ஒல்லியான திருகுக் கம்பியை வாலின் முனையில் வெல்டிங் செய்து ஒட்டுவது ஏற்கத்தக்கதன்று. மூலத்தில் வாலின் நுனி குமிழுக்கு மேலே அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். பயிற்சி வாளுக்கு மட்டும் நட்டு போட்டு இறுக்குவதை நான் விரும்புவேன். அலகு தேய்ந்தால் கழற்றி மாற்றலாம்.

அலகில் எழுத்து வேண்டுமென்றால் மூலத்தில் உள்ள எழுத்துப்பிழையோடு சேர்த்துக் கொடுங்கள். ஆந்திரியா ஃபெராரா என்ற இத்தாலிய வாட்கொல்லரின் பெயர் அக்கால அலகுகளில் பல விதமாக எழுதப்பட்டிருக்கிறது. பள்ளத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாக அச்சடித்துப் பதித்ததா, அமிலத்தால் அரித்ததா என்பதையும் குறிப்பிடுங்கள். இரண்டும் ஒளியில் வேறு வேறாகத் தெரியும்.

உறையையும் இதே நேரத்தில் சொல்லிவிடுங்கள். கையால் செய்த அலகுக்குப் பின்னால் வேறொருவர் உறை தைப்பது தொல்லை.

10. பணமும் காலமும்

ஓராண்டு, அதற்கு மேலும் காத்திருப்பது இத்தொழிலில் இயல்பு. பணத்தை மூன்று தவணையாக்குங்கள்: தொடக்கத்தில், பூட்டுவதற்கு முன், அனுப்புவதற்கு முன். முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பவரிடம் விலகி நில்லுங்கள்.

11. பூட்டுவதற்கு முன் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்

வாலின் நுனியை அடித்துப் பரப்பிவிட்டால், பிடியைச் சிதைக்காமல் எதையும் மாற்ற முடியாது. ஆகவே உறுப்புகளைச் செருகி மட்டும் வைத்த நிலையில் எடை, சமநிலைப் புள்ளி, தடிமன் அளவுகளையும், கூடையை மேலிருந்தும் முன்னிருந்தும் எடுத்த படங்களையும் கேட்டு வாங்குங்கள். சமநிலை முன்னால் தள்ளியிருந்தால், குமிழைக் கனமாக்குவதைவிட முனைப்பக்கம் அலகை இழைப்பதே சரி. குமிழைக் கனமாக்கினால் புள்ளி இடம் மாறும், சுழற்றும்போது மந்தம் மாறாது.

12. வந்த அன்றே சோதியுங்கள்

முதலில் குறிப்புத் தாளில் உள்ள எல்லா அளவுகளையும் நீங்களே எடுத்து, பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அலகைக் கண்ணுக்கு நேரே நீட்டி, முனைவரை நேராகப் போகிறதா, கூடை அலகின் விளிம்போடு ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள்; கூடை சற்றே திரும்பியிருந்தால் வெட்டும்போது விளிம்பும் திரும்பியே விழும்.

அலகை மெதுவாக இரு பக்கமும் வளைத்து விடுங்கள். அது நேராகத் திரும்ப வேண்டும். பிடியைப் பற்றிக்கொண்டு குமிழைக் கைமுட்டியால் தட்டுங்கள்: உள்ளே கிலுகிலுத்தால் பிடியின் மரமோ கூடையின் அடியோ தளர்ந்திருக்கிறது. குறை தெரிந்தால் அன்றே படத்துடனும் எண்ணுடனும் எழுதுங்கள். அதற்குமுன் எதையும் வெட்டிப் பார்க்க வேண்டாம். வெட்டிய பிறகு எழும் எந்தக் குறைக்கும் கொல்லர் உங்களையே காட்டுவார்.

எல்லாம் சரியாக இருந்தால் அலகில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டு, உறைக்கு வெளியே வையுங்கள். பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் அலகு பளபளப்பாக வெளியே வராது. கூடையின் உள்ளுறையும் வியர்வையை உறிஞ்சும் என்பதால், பயிற்சிக்குப் பின் அது உலரும் வரை வாளை எண்ணெய்த் துணியில் சுற்றி மூடாதீர்கள்.